அப்பாவின் காலுக்கு வாங்கிய செருப்பு: எட்டு மாதம் போட்டுப் பார்த்த பிறகு

போன வருசம் ஆனி மாதம், கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், எங்கள் வீட்டு விறாந்தையிலிருந்து குசினி வாசல் வரைக்கும் சீமெந்துத் தரையில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக ஏதோ கிடந்தது. மகன் ஜாம் போத்தலைத்தான் கொட்டிவிட்டான் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் இரத்தம். ஒரு பொட்டுக்கும் அடுத்த பொட்டுக்கும் இடையில் சரியாக ஒரு நடை தூரம். அப்பா கதிரையில் இருந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தவர், நான் தரையைப் பார்ப்பதைக் கண்டுவிட்டு, "ஆருக்குப் பிள்ளை காயம்? பெடியன் எங்கயும் விழுந்திட்டானோ?" என்று கேட்டார். காயம் அவருடைய காலில்தான். திருகோணமலை டச் பே கடற்கரையில் நடந்துவிட்டு வந்திருக்கிறார், உடைந்த சிப்பித் துண்டு ஒன்று ரப்பர் செருப்புக்கும் பாதத்துக்கும் நடுவில் புகுந்து, பெருவிரலுக்குக் கீழே இருக்கிற சதையில் ஏறியிருந்தது. அதோடேயே வீடு வரைக்கும் நடந்து, செருப்பைக் கழற்றி வாசலில் வைத்து, தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போய்த் திரும்பி வந்து இருந்திருக்கிறார். நான் சொல்லும் வரைக்கும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

அப்பாவுக்கு 76 வயது. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்து 22 வருசம். குளிசையை நேரத்துக்குப் போடுவார், கிளினிக்கைத் தவறவிட மாட்டார், பிளேன்ரீக்குச் சீனி போட்டு நான் பார்த்ததே இல்லை. அந்தக் காயத்துக்கு முந்தின கிளினிக்கில் மூன்று மாதச் சீனிச் சராசரி காட்டுகிற எச்பிஏ1சி என்ற இரத்தச் சோதனையில் 7.8 இருந்தது. "இந்த வயசுக்கு இது காணும், இன்னும் இறுக்கிப் பிடிச்சா சீனி திடீரெண்டு கீழ இறங்கி எங்கயாவது விழுந்திடுவார்" என்று டொக்டரும் சொல்லியிருந்தார். அதனால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நான் நிம்மதியாக இருந்துவிட்டேன். இப்போது சீனி ஒழுங்காக இருந்தாலும் இத்தனை வருசத்தில் கால் நரம்பு பழுதாகியிருக்கலாம், போன உணர்ச்சி பெரும்பாலும் திரும்பி வராது என்பதை அந்தச் சிப்பித் துண்டுதான் எனக்குக் காட்டியது. காயம் ஆற ஏழு கிழமை எடுத்தது. ஒன்றுவிட்ட ஒருநாள் ஓட்டோ பிடித்து மருந்து கட்டக் கூட்டிக்கொண்டு போனேன். எலும்புக்குள் கிருமி போகவில்லை, அதற்குக் கோணேசரைக் கும்பிடுகிறேன்.

மருந்து கட்டுகிற இடத்தில் ஒரு மிஸ்ஸி (தாதி) அப்பாவின் காலைச் சோதித்துப் பார்த்தா. மீன்பிடிக்கிற தங்கூசி மாதிரி ஒரு நைலோன் நூல், ஒரு கைப்பிடியில் பொருத்தியிருக்கும். அதைத் தோலில் வைத்து அழுத்தினால் 10 கிராம் அழுத்தம் வந்ததும் நூல் வளைந்துவிடும். அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனிகளிலும் முன்பாதத்திலும் ஒவ்வோர் இடமாகத் தொட்டா, தொடுகிறது தெரிந்தால் ஓம் என்று சொல்லவேணும். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நூல் வளைகிறது, அப்பா பேசாமல் இருக்கிறார். திரும்பவும் வளைகிறது, பேசாமல் இருக்கிறார். கொஞ்சம் பொறுத்து, "இன்னும் தொடங்கேல்லையோ மிஸ்ஸி?" என்றார். அப்போது என் நெஞ்சு கலங்கியதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வீட்டில் சீனி வருத்தத்தோடு ஒரு வயதானவர் இருந்தால் இந்தச் சோதனையைக் கேட்டுச் செய்வியுங்கள். ஐந்து நிமிசம்கூட எடுக்காது, வலியும் இல்லை, வருசத்துக்கு ஒருதடவையாவது செய்யவேணும், அப்பாவைப் போல உணர்ச்சி போய் ஒருமுறை புண்ணும் வந்தவர்களுக்கு ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருக்கால் காலைப் பார்ப்பிக்கவேணும்.

அந்த மிஸ்ஸிதான் "இனி இந்த ரப்பர் செருப்பு வேண்டாம் ஐயா" என்றா. விரலுக்கு நடுவில் வார் போகிற செருப்பில் இரண்டு கெடுதல் இருக்கிறதாம். வார் விரலிடுக்கை உரசிப் புண்ணாக்கும், அதோடு பின்னால் பட்டி இல்லாததால் கழலாமல் இருக்க விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடக்கவேணும். உணர்ச்சி இல்லாதவர் அப்படிப் பிடிக்கவும் முடியாது, செருப்பு எங்கேயோ கழன்று போனதும் தெரியாமல் வெறுங்காலோடு நடந்துவிடுவார். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியவருக்கு அப்படி நடந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இனி செருப்புக் கதை. முதலில் நான் விட்ட பிழையைச் சொல்லிவிடுகிறேன், நீங்களாவது தப்பட்டும். இணையத்தில் ஒரு விளம்பரம், நீரிழிவு நோயாளிக்கான விசேட செருப்பு என்று, 4,500 ரூபா, வீட்டு வாசலில் கொண்டுவந்து தருவார்கள். உடனே போட்டுவிட்டேன். வந்ததைப் பிரித்தால் உள்பாதம் முழுக்கச் சின்னச் சின்னக் குமிழ்கள், நடுவில் காந்தம் என்று இரண்டு வட்டம். குமிழ் பாதத்தை அழுத்தினால் இரத்த ஓட்டம் வரும், சீனி குறையும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. அப்பாவுக்குப் பிடித்துக்கொண்டது, ஏனென்றால் அவருக்கு அந்தக் குமிழ் ஒன்றும் உறைக்கவில்லை. நான் போட்டுப் பார்த்தேன், பத்து அடி நடக்க முடியவில்லை. அதுதான் எனக்குப் பயம் வந்த இடம். எனக்கு வலிக்கிறது, நான் கழற்றிவிடுகிறேன். அவர் கழற்ற மாட்டார், நாள் முழுக்க அதே குமிழ் அதே இடத்தைக் குத்திக்கொண்டிருக்கும், வயதோடு பாதத்தின் கொழுப்பு மெத்தையும் மெலிந்துபோயிருக்க எலும்புக்கும் குமிழுக்கும் நடுவில் தோல்தான் நசியும். மிஸ்ஸியிடம் காட்டினேன், கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதைத் திருப்பிக் குடுங்கோ, ஏலாட்டிக் குப்பையில போடுங்கோ" என்றா. திருப்பி எடுக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. பெட்டியில் நீரிழிவு என்று எழுதியிருப்பதை நம்பி ஒன்றையும் வாங்காதீர்கள், அப்படி எழுதுவதற்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதாகத் தெரியவில்லை.

அப்புறம்தான் ஒருவர் சொல்லி, இப்போது அப்பா போடுகிற செருப்பைச் செய்து தந்த கடைக்குப் போனோம். பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் போகிற ஒழுங்கை ஒன்றில், முன்பக்கம் முழங்கால் பட்டி, ஊன்றுகோல், நடக்கிற சட்டகம், கொமோட் கதிரை எல்லாம் அடுக்கியிருக்கிற சின்னக் கடை. பின்பக்கம் ஒரு மேசை, தையல் மெசின் ஒன்று, ரப்பர் தகடுகள். கடைக்காரர் ஒரு ஐம்பது வயது மதிக்கலாம், கொழும்பில் ஊனமுற்றோருக்குச் சப்பாத்து செய்கிற பட்டறையில் பல வருசம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவர். தனி ஆள். பெயரைப் போடவேண்டாம், வருகிறவர்களுக்கே செய்து முடியவில்லை என்று கேட்டுக்கொண்டார், அதனால் பெயர் எழுதவில்லை.

காலை பத்து மணிக்குப் போனோம். "அளவு எடுக்கிறதுக்குப் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வாங்கோ ஐயா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். எனக்குச் சரியான கோபம், ஓட்டோக் காசு வீண். காரணம் பின்னேரம் போனபோதுதான் விளங்கியது. நாள் முழுக்க நின்று நடந்து கால் கொஞ்சம் வீங்கும், காலையில் எடுத்த அளவுக்குச் செய்தால் பின்னேரம் இறுக்கும், இறுக்குவது அப்பாவுக்குத் தெரியவும் மாட்டாது. முதலிலேயே ரெலிபோனில் சொல்லியிருக்கலாம் என்பது என்னுடைய குறை, ஆனால் பின்னேரம்தான் அளவெடுப்பேன் என்று நின்றது சரி.

அன்று பின்னேரம் அவர் செய்ததை நான் அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் நான் காசு கொடுத்தது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். முதலில் அப்பாவின் பழைய ரப்பர் செருப்பைக் கேட்டார். நல்ல காலம், அதைத்தான் போட்டுக்கொண்டு போயிருந்தார். அதைக் கவிழ்த்துத் தேய்வைப் பார்த்தார், நிமிர்த்தி உள்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தார். பாதம் அழுத்திய இடங்கள் கறுத்துக் குழிந்திருந்தன, பெருவிரலுக்குக் கீழே ஒரு ரூபாக் குத்தி அளவு ஆழமாக ஒரு குழி. "ஐயா பாரம் முழுக்க இதிலதான் வைக்கிறார்" என்று விரலால் தொட்டுக் காட்டினார். சிப்பி ஏறியதும் அதே இடம்தான், நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தரையில் ஒரு தாள் விரித்து, அப்பாவை இரண்டு காலிலும் பாரம் வைத்து நிற்கச் சொல்லி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்துக் காலைச் சுற்றிக் கோடு இழுத்தார். இருந்தபடி எடுத்தால் பாதம் விரியாதாம். கோடு இழுத்த தாளின் மேல் பழைய செருப்பை வைத்துக் காட்டினார். சின்னவிரல் பக்கம் என் சுண்டுவிரல் அகலத்துக்கு அப்பாவின் பாதம் செருப்புக்கு வெளியே நின்றது. பதினைந்து வருசமாக எட்டாம் நம்பர் எட்டாம் நம்பர் என்று கேட்டு வாங்கியவர் அப்பா. வயது போகப் போகப் பாதம் நீளும், அகலும் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அளந்தால் ஒன்பதரை, அதுவும் அகலமான ஒன்பதரை.

விரல்களையும் பார்த்தார். பாதத்தின் சின்னத் தசைகள் பலம் குறைந்தால் விரல்கள் மேலே மடங்கிக் கொக்கி மாதிரி வருமாம், அப்பாவுக்கு இரண்டாவது, மூன்றாவது விரல் அப்படித்தான் தொடங்கியிருக்கிறது. அதனால் மேல்பக்கம் தாழ்வாக இருக்கிற செருப்பு அந்த மடிப்பில் உரசும். நீளமான விரலுக்கு முன்னால் ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றர் இடம் விடவேணும், அதற்கு மேலும் கூடாது, கூடினால் கால் உள்ளே ஓடி ஓடி உரசும்.

ஒன்பது நாளில் செருப்பு வந்தது. மண்ணிறம். மேலே அகலமான மூன்று பட்டிகள், முன்பாதத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, குதிக்குப் பின்னால் ஒன்று, மூன்றும் ஒட்டிக் கழற்றுகிற வெல்க்ரோ. முன்விரல் பக்கம் மூடியிருக்கிறது, கல்லில் இடித்தாலும் விரல் படாது. உள்ளே கையை விட்டுத் துழாவினால் தையல் ஒன்றும் தட்டுப்படவில்லை, பட்டிகளின் உள்பக்கம் மெல்லிய துணி. அடி மூன்று படை: காலைத் தொடுவது மெதுவான நுரை ரப்பர், அதற்குக் கீழே கொஞ்சம் கெட்டியானது, வெளியே வளையாத கட்டி ரப்பர், ஆணியோ சிப்பியோ லேசில் ஏறாது. அந்த மெதுப் படையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். அமுங்கவேணும், ஆனால் விரல் அடித்தகட்டில் போய் முட்டக் கூடாது. முட்டினால் அந்த மெத்தை நடக்கும்போது ஒன்றுக்கும் உதவாது. இந்தச் சோதனையை இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் செய்கிறேன், விலை கூடின செருப்புகளிலேயே பலதில் விரல் போய் முட்டுகிறது.

போட்டுவிட்டு உடனே அனுப்பவில்லை. அரை மணித்தியாலம் கடைக்குள்ளேயே நடக்கவைத்து, சீனி இல்லாத பிளேன்ரீ ஒன்றும் கொடுத்து, கழற்றிப் பார்த்தார். சின்னவிரல் மூட்டில் லேசாகச் சிவந்திருந்தது. வெறுங்கண்ணுக்கு எனக்கு அது தெரியவே இல்லை, அவர்தான் மற்றக் காலோடு ஒப்பிட்டுக் காட்டினார். பட்டியைப் பிரித்து அரை விரல் நகர்த்தித் தைத்துக் கொடுத்தார். அதற்குத் தனியாகக் காசு எடுக்கவில்லை. செருப்பு 7,500 ரூபா. வீட்டுக்குள் போட இன்னொரு மெல்லிய சோடி, அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், 3,200.

அவர் சொன்ன இன்னொரு விசயம், புதுச் செருப்பை முதல் நாளே நாள் முழுக்கப் போடக் கூடாது. முதல் நாள் ஒரு மணித்தியாலம், கழற்றிப் பாதத்தைப் பார்க்கவேணும், சிவப்பு அரை மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் திரும்பக் கொண்டுவரவேணும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி இரண்டு கிழமையில் முழு நாளுக்கு வரலாம். புதுச் செருப்பு கடிக்கும், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நாங்கள் எல்லோரும் சொல்லிப் பழகியிருக்கிறோமே, கால் உணர்ச்சி போனவர்கள் விசயத்தில் அது ஆபத்து. கடித்தது தெரியாமல் புண் வந்த பிறகுதான் தெரியும்.

எட்டு மாதத்தில் அப்பாவின் காலில் புதிதாகப் புண் ஒன்றும் வரவில்லை. பெருவிரலுக்குக் கீழே இருந்த தடித்த தோல் மெலிந்துவிட்டது, கிளினிக்கில் மிஸ்ஸியே அதைக் கவனித்துச் சொன்னா. நடையும் மாறியிருக்கிறது. முன்பு செருப்பைத் தரையில் இழுத்து இழுத்து நடப்பார், சத்தத்திலேயே அப்பா வருகிறார் என்று தெரியும், இப்போது காலைத் தூக்கி வைக்கிறார். டச் பேக்குத் திரும்பவும் போகிறார், மணலில் இறங்காமல் வீதி ஓரமாக.

குறைகளும் இருக்கின்றன, மறைக்க விரும்பவில்லை. மூடின முன்பக்கத்துக்குள் மணல் போனால் வெளியே வராது, கழற்றித் தட்டவேணும், கையை விட்டுத் தடவிப் பார்க்கவேணும். வெல்க்ரோவில் மணலும் நூலும் ஏறி இரண்டு மாதத்தில் ஒட்டுவது குறைந்தது, பழைய பல் துலக்கியால் கிழமைக்கு ஒருக்கால் சுரண்டி எடுக்கிறேன். எனக்குப் பெரிய பயம் தந்தது மாரி மழை. கார்த்திகையில் கிணற்றடிச் சீமெந்து நனைந்திருந்தபோது அந்த அடி ரப்பர் வழுக்கி அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். விழுந்திருந்தால் இடுப்பெலும்பு. கடைக்குக் கொண்டுபோய்ச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டார், அடியில் வரி வெட்டின ரப்பர் ஒட்டிக் கொடுத்தார், அதற்குப் பிறகு வழுக்கவில்லை. நீங்கள் வாங்கினால் முதலிலேயே வரி வெட்டின அடி கேளுங்கள். நனைந்தால் காய ஒரு நாள் எடுக்கும், ஈரத்தோடு போட்டால் விரலிடுக்கு அவிந்துவிடும், வெயிலில் நேரே வைத்துக் காயவைத்தால் பசை விடும். மெதுப் படையும் ஆறாம் மாதத்தில் படிந்துபோனது, கட்டைவிரல் அடியில் முட்டியது, 900 ரூபா கொடுத்து மாற்றினேன். அதை மாற்றவேணும் என்று வாங்கும்போது அவர் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுச் செருப்பைப் பற்றிச் சொல்லவேணும். உணர்ச்சி போன காலோடு வீட்டுக்குள்ளும் வெறுங்காலில் நடக்கக் கூடாது என்று எல்லா டொக்டரும் சொல்கிறார்கள். எங்கள் வீடுகளில் இதைச் சொல்லி நடக்குமா? அப்பா கேட்கவே மாட்டேன் என்றுவிட்டார். "சாமியறை இருக்கிற வீட்டுக்குள்ள செருப்போட திரியிறதோ? உங்கட அம்மா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பா?" என்றார். அதற்கு எனக்குப் பதில் இல்லை, அம்மா நிச்சயமாக விட்டிருக்க மாட்டா. ஆனால் அவருக்கு மூன்று காயம் வீட்டுக்குள்தான் வந்திருக்கிறது, கரண்ட் போன இரவு நிலைப்படியில் விரலை இடித்தது உட்பட. கடைக்காரர்தான் வழி சொன்னார். பெட்டியிலிருந்து எடுத்த புதுச் சோடி, முற்றத்து மண்ணையே காணாதது, கட்டிலடியில் வைத்து அங்கேயே போட்டு அங்கேயே கழற்றுவது. சாமியறை வாசலில் ஒரு பாய் போட்டேன், அதில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்க் கும்பிடுவார். "இது செருப்பில்லை ஐயா, காலுக்கு உடுப்பு" என்று கடைக்காரர் சொன்ன வார்த்தை அப்பாவுக்குப் பிடித்துக்கொண்டது. இப்போது வருகிற ஆட்களுக்கு அவரே அப்படிச் சொல்கிறார். வெளிச் செருப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதை வாசலில் கழற்றி வைக்கிறோம், ஒரு நாளில் பாதிக்கு மேல் அவர் வீட்டுக்குள்தான் இருக்கிறார். ஒன்று மட்டும் வாங்கக் காசு இருந்தால் நான் இந்த 3,200 ரூபாச் சோடியைத்தான் முதலில் வாங்குவேன்.

செருப்புப் போக முடியாத இடம் கோயில். கோணேசர் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைகளில் உச்சிப் பூசைக்குப் போவது அப்பாவின் பழக்கம். சித்திரை வெயிலில் பாறை மேல் இருக்கிற அந்த வெளித் தரையில் நானே துள்ளித் துள்ளித்தான் நடப்பேன், அவர் ஆறுதலாகச் சுற்றிக் கும்பிட்டு வருவார். அதைப் பக்தி என்று நினைத்திருந்தேன். சூடு தெரியாத கால் என்று இப்போது தெரிகிறது. போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை, சொன்னாலும் கேட்க மாட்டார். காலைப் பூசைக்கு நேரத்தை மாற்றிவிட்டோம். வெயிலேற முதல், கோட்டைக்குள்ளால் மான்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டோவில் மேலே போய், கும்பிட்டு, வந்ததும் பாதத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டுச் செருப்பைப் போட்டுவிடுகிறேன்.

கன்னியாவும் அப்படித்தான். தைப்பொங்கலுக்குக் கனடாவிலிருந்து சித்தப்பா வந்தபோது எல்லோரும் வெந்நீர்க் கிணற்றுக்குப் போனோம். ஏழு கிணறும் ஏழு விதமான சூடு. அப்பா எல்லாவற்றிலும் சூடு கூடினதில் அள்ளிக் காலில் ஊற்றிக்கொண்டு சுகமாக இருக்கிறது என்கிறார், நான் ஓடிப்போய் வாளியைப் பிடித்தேன். தண்ணீரை உணர்ச்சி இல்லாத காலால் பார்க்கக் கூடாது, மற்றவர்தான் முழங்கையால் பார்த்துச் சொல்லவேணும், உடம்புச் சூட்டைத் தாண்டக் கூடாது, அதாவது 37 பாகை. காலைச் சுடுதண்ணீரில் ஊறவைத்தால் நல்லது என்று யார் சொன்னாலும் சீனி வருத்தக்காரருக்குச் செய்யாதீர்கள்.

இரவில் பாதம் பார்ப்பது மகனின் வேலை. அப்பாவுக்குக் குனிய முடியாது, கண்ணும் மங்கல். தரையில் ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியை வைத்து, "அம்மப்பா, காலைத் தூக்குங்கோ" என்று ரோச் அடித்துப் பார்ப்பான். விரலிடுக்கு ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பான். மார்கழியில் சின்னவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் தோல் வெளுத்து ஈரமாக இருப்பதை அவன்தான் கண்டுபிடித்தான், அடுத்த நாளே காட்டி மருந்து பூசினோம், புண்ணாகவில்லை. குதிக்கும் பாதத்துக்கும் கிறீம் பூசுகிறோம், விரலிடுக்கில் மட்டும் பூசுவதில்லை, அங்கே ஈரம் நிற்கக் கூடாது. நகத்தை நேராக வெட்டுகிறேன், மூலையில் தோண்டுவதில்லை.

யாருக்கு இந்தக் கடை சரிவராது என்றும் சொல்லவேணும். இப்போது புண் திறந்திருக்கிறது என்றால் முதலில் ஆஸ்பத்திரி, செருப்புப் பிறகு. கடைக்காரரே புண்ணோடு வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பியதை நான் பார்த்தேன், அது எனக்கு அவரில் மதிப்பைக் கூட்டியது. கால் திடீரென்று வீங்கிச் சிவந்து மற்றக் காலைவிடச் சூடாக இருக்கிறது, ஆனால் வலி இல்லை என்றால் அன்றைக்கே காட்டுங்கள், உள்ளே எலும்பு நொறுங்குகிறதாகவும் இருக்கலாம், வலி இல்லை என்று விட்டுவிட்டால் பாதமே உருக்குலைந்துபோகும். கால் ஆணிக்கு ஒட்டுகிற மருந்துப் பிளாஸ்டர், சவர அலகு இரண்டும் வேண்டவே வேண்டாம்.

7,500 ரூபா எல்லோராலும் முடியாது, பென்சன் காசில் மருந்தும் வாங்கிக்கொண்டு இருக்கிறவர்களுக்கு அது பெரிய தொகை. முடியாதென்றால் சாதாரணக் கடையிலேயே பின்பட்டி உள்ள, விரலிடுக்கில் வார் இல்லாத, அகலமான ஒன்றைத் தேடலாம். நின்றபடி கால் கோடு இழுத்த தாளை வெட்டி எடுத்துக்கொண்டு போய்ச் செருப்புக்குள் வையுங்கள், தாள் மடங்கினால் அந்த அளவு வேண்டாம். கட்டைவிரல் சோதனையைச் செய்யுங்கள். உள்ளே கை விட்டுத் தையல், ஆணி, பிசிறு பாருங்கள். போடும் முன் ஒவ்வொரு முறையும் தட்டிக் கவிழ்க்கிற பழக்கம் காசில்லாமல் வருவது.

இந்தக் கடைக்கு நான் பத்துக்கு எட்டுக் கொடுப்பேன். குறைத்த இரண்டில் ஒன்று வழுக்கின அடிக்கு. மற்றது கடை வாசலுக்கு: வீதியிலிருந்து இரண்டு உயரமான படி, பிடிக்கக் கைப்பிடி இல்லை, வருகிறவர்கள் எல்லோரும் ஊன்றுகோல்காரர். அப்பாவை ஒருபக்கம் நானும் மறுபக்கம் ஓட்டோக்காரத் தம்பியும் பிடித்துத்தான் ஏற்றினோம், கைப்பிடி போடச் சொல்லி இரண்டு முறை கேட்டிருக்கிறேன், போடுகிறேன் என்றார். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் கடை பூட்டு. பின்னேரம் நாலுக்குப் பிறகு போங்கள், அளவெடுக்கவேண்டியவரையே கூட்டிக்கொண்டு போங்கள், பழைய செருப்பை எறிந்துவிடாமல் கையோடு கொண்டுபோங்கள், அவர் முதலில் கேட்பது அதைத்தான்.